அறளை பெயர்வது வயதினால் மட்டுமா?

வீட்டில் ஒரு முதியவர் சற்று முன் கேட்டதையே மீண்டும் கேட்டால், "வயசு போயிட்டு, அறளை பெயர்ந்திட்டு" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். ஆனால் மறதிநோய் முதுமையின் இயல்பன்று. அது மூளையைத் தாக்கும் நோய். அறிகுறிகள் வெளிப்படப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன.

நாம் செய்யும் தொழிலுக்கும் இதனோடு தொடர்புண்டு. நோர்வேயில் ஏறத்தாழ 7,000 பேரின் தொழில் வாழ்க்கையை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. சிந்தித்து முடிவெடுக்கும் தொழில்களில் இருந்தோரை விட, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தோருக்கு, 70 வயதின் பின் நினைவாற்றல் குன்றும் அபாயம் 66 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. அதிகம் சிந்திக்க வைக்கும் தொழில்களில் ஆசிரியப் பணி முன்னின்றது. தொழில்தான் காரணம் என்று இவ்வாய்வு நிரூபிக்கவில்லை. எனினும் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

அப்படியாயின் வீட்டிலிருக்கும் நம் உம்மாமாரின் நிலை என்ன? சம்பளத்தில் குடும்பக் கணக்கைச் சரிக்கட்டி, நோயாளியைக் கவனித்து, பிள்ளைகளின் பிணக்கைத் தீர்ப்பதும் மூளைக்கு வேலைதான். அதைத் தாழ்வாக எண்ணுவது தவறு. ஆனால் புதிதாக ஒன்றைக் கற்க அவர்களுக்கு நேரமும் ஊக்கமும் கொடுக்கிறோமா?

"பொம்புளப் புள்ளைக்கு சாதாரண தரம் போதும்" என்போர் இன்னும் நம்மிடையே உள்ளனர். லான்செட் மருத்துவ ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, நாம் மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளுள் கல்விக் குறைவும் ஒன்று. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், கேட்டல் குறைபாடு, தனிமை என்பனவும் அதில் அடங்கும். ஆகவே மகளின் படிப்பை இடைநிறுத்தும் பெற்றோர், அவளது தொழில் வாய்ப்போடு முதுமைக்கான ஒரு பாதுகாப்பையும் குறைக்கின்றனர்.

தள்ளாத முதுமைக்குத் தள்ளப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். நாமும் துஆவோடு முயற்சியையும் சேர்ப்போம். ஓய்வுபெற்ற வாப்பாவுக்கு ஒரு பொறுப்பைக் கொடுப்போம். மூத்தம்மாவின் காதைப் பரிசோதிப்போம். உம்மாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அன்றைய சமையலை நாம் ஏற்போம்.