குஞ்சு வாங்கும் முன் தட்டைச் செய்யுங்கள்

நாட்டுக்கோழி வளர்க்கப் போறேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல குஞ்சு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். சிறுவிடையா, பெருவிடையா, அசிலா என்று பேச்சு நீளும். "தீவனத்தை எதில் வைக்கப் போறீங்க? தண்ணியை எதில் ஊத்தப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டால் சிரிக்கிறார்கள். அதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்கிறார்கள். புறக்கடைக் கோழியில் லாபமா நட்டமா என்பதைப் பாதிக்கு மேல் அந்தத் தட்டுதான் முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

வங்கியில் கடன் மனு பார்த்த பழக்கத்தில் கணக்காகவே சொல்கிறேன். அடைத்து வளர்க்கும் பண்ணையில் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதம் தீவனத்துக்குப் போகும். நம் கோழி மேய்வதால் நமக்கு அவ்வளவு இல்லை. 20 கோழிக்கு, மேய்ச்சல் போக, ஆளுக்கு 50 கிராம் தானியம் வைத்தால் நாளைக்கு 1 கிலோ. அதைத் தரையில் விசிறினாலோ அகலத் தட்டில் கொட்டினாலோ கோழி சீய்த்துத் தள்ளும், மேலே ஏறி எச்சமிடும். கால் பங்கு வீண் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 250 கிராம், வருஷத்துக்கு 91 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றாலும் 2,700 ரூபாய்க்கு மேல் மண்ணோடு போகிறது. சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"நாட்டுக்கோழி தானே மேய்ஞ்சு பிழைச்சுக்கும், அதுக்கு எதுக்குங்க தட்டு?" என்று நம் இயற்கை விவசாய நண்பர்களே கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு குப்பைமேடும், நெல் அடிக்கும் களமும் இருந்த காலத்துக்கு அது சரி. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே வேலையை முடித்துவிடுகிறது. களத்தில் சிந்த எதுவும் இல்லை. அதைவிட முக்கியம் தண்ணீர். வீட்டில் சுத்தமான தண்ணீர் வைக்காவிட்டால் கோழி சாக்கடையில் குடிக்கும், பக்கத்து வயலில் மருந்து கலக்கிய இடத்தில் தேங்கியதையும் குடிக்கும். நஞ்சில்லா முட்டை என்று சொல்லி விற்கிற நாம், கோழி எதைக் குடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் புறக்கடைக் கோழிகள் 31 கோடியே 70 லட்சம். முந்தைய கணக்கெடுப்பைவிட 45 சதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. 2018-ல் தமிழக அரசு 77,000 ஏழைப் பெண்களுக்குத் தலா 50 கோழிக்குஞ்சு தரும் திட்டத்தை அறிவித்தது. இந்தக் கோழிகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள். முட்டைக் காசு அவர்கள் கையில் நேராகப் புழங்கும் காசு. வீணாகும் தானியமும் வெயிலில் சாகும் கோழியும் அந்தச் சுருக்குப் பையில் இருந்துதான் போகிறது.

தீவனத் தொட்டிக்கு மூன்று விதி போதும். முதலாவது, தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். உயரம் கூடினால் எட்டாது, குறைந்தால் சீய்க்கும். குஞ்சு வளர வளர செங்கல் வைத்து உயர்த்துங்கள். இரண்டாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூன்றாவது, மேலே ஏறி உட்கார இடம் கொடுக்காதீர்கள். நீளவாட்டில் பிளந்த மூங்கிலே நல்ல தொட்டி. அதன் மேல் கையால் தொட்டாலே உருளும்படி ஒரு கழியைக் கம்பியில் கோத்துவிட்டால் எந்தக் கோழியும் உட்காராது. வளர்ந்த கோழி ஒன்றுக்கு 10 சென்டிமீட்டர் இடம் என்று கணக்கிட்டால் அடிதடி இருக்காது. கிணற்று மோட்டார் வேலையில் மிஞ்சிய 4 அங்குல பி.வி.சி. குழாயும் ஒரு வளைவும் இருந்தால், சுவரோரம் நிறுத்தி மேலே தானியம் கொட்டி மூடிவிடலாம். தின்னத் தின்னக் கீழே இறங்கும்.

குஞ்சுக்கு நம் பாட்டிமார் கண்டுபிடித்த தீவனப் பாத்திரம் ஒன்று உண்டு. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலை போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் எடுத்தால் பானை நிறையக் கரையான் இருக்கும். காசில்லாத புரதம். இதையும் மறந்துவிட்டு, குஞ்சுத் தீவன மூட்டைக்குக் கடை தேடுகிறோம்.

தண்ணீருக்கு வருவோம். கோழி தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். அதற்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சுட்ட தண்ணீரைத் தொடவும் தொடாது. அதனால் தண்ணீர் நிழலில் இருக்க வேண்டும். 5 லிட்டர் கேன் ஒன்றில், அடியில் இருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் பென்சில் பருமனில் ஓட்டை போடுங்கள். மூன்று சென்டிமீட்டர் விளிம்புள்ள தட்டில் வைத்து, ஓட்டையை விரலால் அடைத்து நீர் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி விரலை எடுங்கள். தட்டில் நீர் ஓட்டைக்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் வரும், ஓட்டை மூழ்கியதும் நின்றுவிடும். தட்டின் விளிம்பு ஓட்டையைவிட உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். குஞ்சுகளுக்கு வைக்கும் தட்டில் கூழாங்கல் போட்டுவிடுங்கள், விழுந்து சாகாது. தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். சுற்றிலும் ஈரம் நின்றால் ரத்தக் கழிச்சல் வரும். எச்சம் விழுந்த தண்ணீர் ஒரு கோழியின் நோயை எல்லாக் கோழிக்கும் கொண்டுபோகும்.

பூச்சிமருந்து, பெயின்ட் இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகரத் தட்டில் மோர் ஊற்றாதீர்கள், புளிப்பில் பூச்சு கரையும்.

"இயற்கை விவசாயத்தில் பிளாஸ்டிக்கா?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். தூக்கி எறியப் போகிற கேனை இன்னும் சில வருஷம் உழைக்க வைப்பதில் தப்பில்லை. ஆனால் வெயிலில் அது நொறுங்கும், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மண்சட்டி தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் நுண்துளை வழியே காற்று கசிவதால், கலயத்தைக் கவிழ்த்துச் செய்யும் குடிநீர்த் தட்டுக்கு வெறும் மண் அவ்வளவு தோதுப்படாது. பளபளப்புப் பூச்சுள்ள பீங்கானில் கசிவு இல்லை, பாசியைத் துடைத்தால் போய்விடும், எடை இருப்பதால் கோழி கவிழ்க்காது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது விருத்தாசலம் நினைவுக்கு வராமல் இருக்குமா? பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் அங்கே இருக்கின்றன. அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற சூளைகளுக்கு, ஒரு கவிழ் ஜாடியும் ஆழமான தட்டும் செய்வது பெரிய வேலையா? அவர்களுக்குத் தேவை ஆர்டர். ஒருவர் போய் இரண்டு கேட்டால் அச்சுச் செலவுக்கே கட்டாது. ஒரு உழவர் குழு சேர்ந்து 200 ஜோடி கேட்டால் பேச்சு வேறு. நம் கூட்டங்களில் விதைப் பரிமாற்றம் நடத்துகிறோமே, அங்கேயே இதற்கும் ஒரு பட்டியல் போடலாம். அளவை நாம் சொல்வோம், அவர்கள் சுடட்டும். உழவர் காசு பக்கத்து ஊர்க் குயவர் கைக்கும் சூளைக்கும் போவது நாம் பேசுகிற தற்சார்புதானே?

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கேன், ஒரு தட்டு, ஒரு மூங்கில் எடுங்கள். அரை நாள் வேலை. செய்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்து, தீவனம் எவ்வளவு மிச்சமாகிறது என்று எடை போட்டு எழுதுங்கள். குஞ்சுக்குக் காசு அதற்கப்புறம் எடுக்கலாம்.