மார்கழியிலும் ஃபேன் போடும் அம்மாவும், மூலிகை டப்பாவும்

மார்கழி மாதம். வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, அம்மா மட்டும் எழுந்து உட்கார்ந்து ஃபேனை அஞ்சில் வைக்கிறார். பத்து நிமிடம் கழித்து, குளிருகிறது என்று அவரே நிறுத்துகிறார். "அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று பிள்ளைகள் சிரிப்பதோடு சரி. பல வீடுகளில் நடப்பதுதானே இது?

இதற்குப் பெயர் மெனோபாஸ். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முன்னும் பின்னும் சில வருடங்கள் திடீர் உடல் சூடு, வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். இதை டாக்டரிடம் சொல்ல அம்மாக்களுக்குக் கூச்சம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வார்கள். அக்கா நாட்டு மருந்துக் கடையைக் கை காட்டுவார். தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, அசோகப் பட்டை, அதுவும் இல்லையென்றால் "மூலிகை, பக்க விளைவே இல்லை" என்று எழுதிய டப்பா.

மூலிகை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது? இதற்குப் பதில் தேட கொஞ்சம் அமெரிக்கா வரை போக வேண்டும். ஏனென்றால் ஒரு மூலிகையை வியாபாரமும் ஆராய்ச்சியும் சேர்ந்து துரத்திய கதை அங்கே இருக்கிறது.

1875-ல் லிடியா பிங்க்ஹாம் என்ற பெண்மணி, பெண்களின் உபாதைகளுக்கு ஒரு மூலிகை டானிக் விற்க ஆரம்பித்தார். பாட்டிலில் அவர் முகமே விளம்பரம். உள்ளே பிளாக் கோஹாஷ் என்ற வட அமெரிக்கச் செடியின் வேர், நம்ம வெந்தயம், இன்னும் சில வேர்கள்... கூடவே சுமார் 18 சதவீதம் ஆல்கஹால்! குடித்தவர்களுக்கு ஏன் நிம்மதியாக இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அடுத்த பெரிய திருப்பம் 2002-ல். மெனோபாஸுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைகளால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. பத்திரிகைகள் அலறின. ஆனால் அந்த 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால், வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேர் என்பது 38 பேர் ஆனது. அதுவும் ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மெனோபாஸைத் தாண்டிப் பல வருடம் ஆனவர்களே அதிகம். சதவீதம் மட்டும் சொன்னால் பயம் வரும், எண்ணிக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் புத்தி வரும். பயந்த பெண்கள் ஹார்மோனை விட்டார்கள். பலர் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். 1994-ல் வந்த சட்டப்படி அங்கே இத்தகைய மூலிகை மாத்திரைகள் பலன் தருகின்றன என்று விற்பதற்கு முன் அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு சோதித்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வில் 351 பெண்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு பிளாக் கோஹாஷ், சிலருக்குப் பல மூலிகைக் கலவை, சிலருக்கு ஹார்மோன், சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். உடல் சூட்டைக் குறைப்பதில் மூலிகைகள் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. ஹார்மோன் மட்டும் தெளிவாகக் குறைத்தது.

அப்புறம் ஏன் "எனக்குக் கேட்டுச்சு" என்று பலர் சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்தச் சூடு ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். ரொம்ப முடியாதபோதுதான் டப்பா வாங்குவோம். தானாகக் குறையும்போது பெயர் டப்பாவுக்குப் போகும். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்யும். தானாகக் குறையும் நோவுக்கு மருந்து விற்பதைப்போல நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் இல்லை!

காசு போனால் போகட்டும், நிம்மதி கிடைத்ததே என்கிறீர்களா? நஷ்டம் அங்கே இல்லை. கணக்கில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. அது நாள் தள்ளிப்போவது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்க்கும், படபடக்கும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி உதிரம் பட்டால், அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். "இந்த வயசுல அப்படித்தான்" என்று ஆறு மாதம் பொடி சாப்பிட்டால் அந்த ஆறு மாதத்தை எந்தக் கடையில் திருப்பி வாங்குவது? பக்க விளைவே இல்லை என்பதும் உண்மையல்ல. பிளாக் கோஹாஷ் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததால் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 2006-லேயே எச்சரித்தன.

அதற்காக உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடாகத் தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து என்று சொல்லி விற்கும்போதுதான் ஆதாரம் கேட்க வேண்டும். ஹார்மோன் எல்லோருக்கும் ஏற்றதல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் பொதுவாக எடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும், மனநலப் பயிற்சி முறைகளும் இருக்கின்றன. எது யாருக்கு என்று சொல்ல டாக்டர் வேண்டும், டப்பா போதாது.

யோசித்தால் டப்பா விற்பவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. டப்பாவின் மேல் "உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது" என்ற தொனி இருக்கிறது. வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் வியாபாரம் நுழைகிறது.

ஆகவே நண்பர்களே, இன்று ராத்திரி அம்மா எழுந்து ஃபேன் போட்டால் சிரிக்காதீர்கள். "என்னம்மா பண்ணுது, எத்தனை நாளா?" என்று கேளுங்கள். டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் கூடப் போங்கள். இதற்கு எம்.ஆர்.பி. கிடையாது!