முட்டியைச் சாக்கு வைத்துப் பெண்பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் பேச்சைக் கேட்காதவர்கள்கூட இதைக் கேட்க வேண்டும். உங்களில் பாதிப் பேர் இப்போது பெண்பிள்ளையைப் பெற்றவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில் நடந்த பேச்சு இது. நம் சொந்தத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பள்ளி வாலிபால் டீமில் ஆடுகிறாள். ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கும்போது முட்டி பிசகி, பத்து நாளாகக் கட்டுப் போட்டிருக்கிறாள். உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்கு முட்டி வீக்கு. போன்லயே கட்டுரை வந்திருக்கு. இதோட நிறுத்திருங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு." சொன்னவர் படித்தவர். அம்மாவும் தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளை இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

பந்தியில் சண்டை வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆண், பெண் முட்டித் தசைகள் வேலை செய்யும் விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. நம் பள்ளி மைதானத்து நெட் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்து வைத்திருப்போம். ஒரு கயிறு தொய்ந்தால் கம்பம் மறுபக்கம் சாயும். முட்டிக்கும் அப்படித்தான். முன்தொடைத் தசை காலை நீட்டும்போது கீழ்க்காலை முன்னால் இழுக்கிறது. பின்தொடைத் தசை அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. பின்தொடை சரியாகப் பிடிக்காவிட்டால், முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

முன்தொடையின் பலம் 100 என்றால் பின்தொடைக்கு 60 ஆவது இருக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. காலை வேகமாக நீட்டி மடக்கும்போது ஆண்களுக்கு இந்த விகிதம் ஏறுகிறது. பெண்களுக்கு அந்த அளவு ஏறுவதில்லை. வயதுக்கு வரும் பருவத்தில் பையன்களுக்கு உயரத்தோடு தசைபலமும் சேர்ந்து கூடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் கூடும் வேகத்துக்குத் தசைபலம் கூடுவதில்லை. அதனால் குதித்து இறங்கும்போது பலருக்குக் கால் விறைப்பாக நிற்கிறது, முட்டி உள்பக்கம் மடிகிறது. கூடைப்பந்து, கால்பந்து ஆட்டங்களில் ஏ.சி.எல். அறுவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

அந்தப் பாதி உண்மையோடு அவர் நின்றுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் நைந்து வலிக்கும் நோய் ஒன்று உண்டு. 'ஜம்பர்ஸ் நீ' என்பார்கள். வாலிபாலில் அது மிகச் சாதாரணம். அது பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது. அதற்காக எந்த வீட்டிலாவது பையனின் பந்தைப் பிடுங்கி வைத்தார்களா? தைலம் தேய்த்து மறுபடி மைதானத்துக்குத்தானே அனுப்பினோம்?

அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஹெவெட் என்பவரின் குழு 1996-ல் பள்ளி வாலிபால் ஆடும் பெண்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. எப்படிக் குதிப்பது, எப்படி இறங்குவது என்ற பயிற்சி. இறங்கும்போது விழும் அடியின் விசை 22 சதவீதம் குறைந்தது. பின்தொடைத் தசையின் பலம் கூடியது. குதிக்கும் உயரமும் கூடியது! 1999-ல் அதே குழு வாலிபால், கூடைப்பந்து, கால்பந்து ஆடும் சுமார் 1,260 பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்தது. பயிற்சி பெற்ற பெண்களைவிடப் பயிற்சி பெறாத பெண்களுக்கு முட்டிக் காயம் 3.6 மடங்கு. அதே மைதானம், அதே பெண் உடம்பு. சொல்லிக் கொடுத்ததுதான் வித்தியாசம்.

ஆண்கள் வாலிபாலில் நெட் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். உடம்பு வேறு என்று தெரிந்து நெட்டை 19 சென்டிமீட்டர் இறக்கினார்களே தவிர, ஆடாதே என்று சொல்லவில்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாகச் சேர்ந்தபோதே பெண்கள் பிரிவும் சேர்ந்தே வந்தது. நெட்டுக்கு யோசித்த நாம் பயிற்சிக்கு ஏன் யோசிக்கவில்லை?

இங்கே என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பெண். பந்தை அவள் எடுத்தால் எதிர் டீம் பின்னால் நகரும். ஒரு நாள் இறங்கும்போது முட்டி பிசகியது. அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "படிப்பைப் பார்க்கட்டும், விளையாட்டு வேண்டாம்" என்று சொன்னவள் நான்தான். எப்படி இறங்க வேண்டும் என்று அவளுக்கு யாருமே சொல்லித் தரவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பி.டி. பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு மைதானம். தோப்புக்கரணத்தைத் தண்டனையாகக் கொடுத்தோமே ஒழிய, தொடையைப் பலப்படுத்தும் பயிற்சியாகக் கொடுத்தோமா?

ஆகவே பெற்றோருக்கு: முட்டி வீங்கினால் நாட்டுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஆறிய பின் அவர் சொல்படி ஆட விடுங்கள்.

பி.டி. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு: ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம், வாரம் மூன்று நாள் ஒதுக்குங்கள். சத்தம் வராமல், முட்டியை மடக்கி, முட்டி பாதத்துக்கு நேராக இருக்கும்படி இறங்கச் சொல்லிக் கொடுங்கள். மண்டியிட வைத்து, கணுக்காலை ஒருத்தி பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கச் செய்யுங்கள். பின்தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி குறைவு. காசு செலவே கிடையாது.

வளைகாப்பு வீட்டில் தீர்ப்புச் சொன்னவரும் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன். அந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் முப்பது வருடத்துக்கு முன் ஒரு பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இவளிடமாவது சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்