சாயக்காரரும் மைஸன் கோட்டையும்

சென்ற மாதம் பூந்தமல்லியை அடுத்த ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆய்வுக்கு அமர்ந்திருந்தேன். அங்கு நெய்யும் சேலைக் கரையின் அரக்குச் சிவப்புக்கு உரிய சாய அளவு எந்த ஏட்டிலும் இல்லை. முதிய சாயக்காரர் ஒருவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. எழுதி வைக்கலாகாதா என்று கேட்டேன். "எழுதினால் அடுத்த சங்கத்தார் கொண்டுபோய் விடுவார்கள், ஐயா" என்றார் தலைவர்.

அங்கத்தினர்களே, ஜெர்மனியில் மைஸன் பீங்கான் தொழிற்சாலையும் இவ்வாறே நினைத்தது. வெண்பீங்கான் வித்தை அந்நாளில் கீழ்த்திசை நாடுகளுக்கே உரியது. பொன் செய்து தருவதாகச் சொன்ன பட்கர் என்ற இளைஞரை ஸாக்ஸனி அரசர் அகஸ்டஸ் காவலில் வைத்தார். பொன் வரவில்லை, ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரின் துணையோடு 1708-இல் பீங்கான் வந்தது. 1710-இல் மைஸன் கோட்டைக்குள்ளேயே தொழிற்சாலை ஏற்பட்டது. ஏன் கோட்டை? இரகசியம் வெளியே போகாதிருக்கத்தான். ஆனால் உள்ளே வேலை செய்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பட்கர் 37-ஆம் வயதில் மாண்ட 1719-ஆம் ஆண்டிலேயே, தொழிலாளி ஒருவர் மூலம் வித்தை வியன்னாவுக்குப் போய்விட்டது. கூலியைப் பாக்கி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டி என்ன பயன்?

வித்தை போன பின்னும் மைஸன் அழியவில்லை. 1722 அளவில் குறுக்கிட்ட இரு வாள்களை நீல நிறத்தில் முத்திரையாக இடத் தொடங்கினார்கள். முந்நூறு ஆண்டு கடந்தும் அம்முத்திரைக்கு மதிப்புண்டு.

நம் பக்கத்துக் கதை வேறு. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் கூவம் வளைவில் நெசவாளரைக் குடியேற்றினார். சின்னத் தறிப்பேட்டை சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. நெய்தவருக்கு முன்பணம் கிடைத்தது. கடல் கடந்த மூட்டையின்மேல் இருந்ததோ கும்பினி முத்திரை.

ஆகவே சாய அளவை ஒளிப்பதில் கவலைப்படுவதைவிட, துணிக்குத் துணி சங்க முத்திரை இடுவதிலும், பழுதான துணியை அது நிர்வாகியின் மைத்துனர் நெய்ததாயினும் தள்ளுவதிலும் கவலைப்படலாம் என்பது என் கருத்து. மேலே நல்லதும் அடியில் சொத்தையுமாகக் கத்தரிக்காய்க் கூடை கட்டும் விவசாய அன்பர்களுக்கும் இதைச் சொல்வேன்.

சாயக்காரர் கேட்ட கேள்விதான் கடினமானது: "எழுதிக் கொடுத்த பிறகு என்னை யார் கேட்பார்கள்?" பொது நன்மை நிதியிலிருந்து அவருக்கு மதிப்பூதியம் அளிக்கவும், அளவேட்டின் முதற் பக்கத்தில் அவர் பெயரைப் பொறிக்கவும் அடுத்த பொதுப் பேரவையில் தீர்மானம் கொண்டுவருவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று நானும் போவேன்.