கிடை நாய்க்குட்டிக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

எங்களோடு சேர்ந்து கிடை போடும் ஆட்டுக்காரர்களுக்கும், கிடை அமர்த்தும் நிலத்துக்காரர்களுக்கும், கால்நடைத் துறைக்கும்.

சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு எருவுக்காகக் கிடை போட வருகிறோம். ஐந்து வீட்டு ஆடுகள், ஒரே கிடை. ராத்திரியில் வலைக்குள் ஆடு, வெளியே நாய். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் எங்களுக்கு முன்னே அதற்குத்தான் தெரியும்.

போன வருஷக் குட்டியின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கோரிக்கைக்கு வர வேண்டும். செவலைக் குட்டி. ஐந்து பேரும் கூழ் ஊற்றினோம். ஒருவர் ‘செவலை’ என்றார், ஒருவர் ‘ராசா’ என்றார், பையன்கள் ‘டைகர்’ என்றார்கள். யார் கூப்பிட்டாலும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கும். ஊசி போட்டாச்சா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்தவர் போட்டிருப்பார் என்று ஐந்து பேரும் இருந்துவிட்டோம். மாசியில் ஒரு நாள் காலையில் கூழைத் தொடவில்லை. மதியம் வாந்தி. சாயங்காலம் ரத்தமாகக் கழிந்தது. பார்வோ நோயின் நாற்றம் ஒரு தடவை பட்ட மூக்குக்கு மறக்காது. மூன்றாம் நாள் வரப்போரம் புதைத்தோம். குழி தோண்ட மட்டும் ஐந்து பேரும் வந்தோம்.

ஆகவே முதல் கோரிக்கை எங்களுக்கே. குட்டிக்கு ஒரே பொறுப்பாளி வேண்டும். சோறு, ஊசி, கண்டிப்பு எல்லாம் அவர் சொல்படி. பெயர் ஒன்று, ‘வா’, ‘நில்’, ‘விடு’ என்று சொல் மூன்று. ஐந்து வாயிலும் அதே சொல்தான் வர வேண்டும். குட்டி விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வினால் ஒருவர் சிரிக்கிறார், இன்னொருவர் கம்பை ஓங்குகிறார். இரண்டும் வேண்டாம். ‘விடு’ என்று சொல்லி அந்த இடத்திலேயே பிரித்துவிட வேண்டும், ஒவ்வொரு தடவையும். பிறந்து மூன்று, நான்கு மாதத்துக்குள்தான் யார் தன் கூட்டம் என்பதை நாய் முடிவு செய்கிறது. அந்த நாட்களில் அது படுக்க வேண்டிய இடம் குட்டியாடுகளை அடைக்கும் கூட்டுப் பக்கம், நம் கட்டிலடி அல்ல.

இரண்டாவது, ஆட்டுத்தலை. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றும் ஆட்டை அறுத்தால் மூளையில் நீர்க்கட்டி இருக்கலாம். அந்தத் தலையை நாய்க்குப் போட்டால் கட்டியிலிருக்கும் புழு அதன் குடலில் நாடாப்புழுவாக வளரும்; முட்டை மலத்தோடு புல்லில் விழும்; மேயும் ஆடு மறுபடி சுற்றும். தலையைக் குழி தோண்டிப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து கொடுங்கள். எல்லா மருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது, கேட்டு வாங்க வேண்டும்.

நிலத்துக்காரர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். எலிக்கு மருந்து வைத்த வயலென்றால் கிடை பேசும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் குட்டிக்கு பிஸ்கட் போட வேண்டாம். போட்டால் ராத்திரி அது உங்கள் வாசலில்தான் காவல் இருக்கும்.

துறைக்கு வருவோம். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு சில வார இடைவெளியில் அடுத்த ஊசிகள், மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி. இதற்குள் நாங்கள் மூன்று தாலுகா நடந்திருப்போம். மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் மேய்ச்சலில் இருப்போம். தை முதல் வைகாசி வரை சாயங்காலத்தில் கிடையடிக்கே வந்து இலவசமாக ஊசி போட வேண்டும். ஒரு ஊரில் கொடுத்த அட்டை எல்லா ஊரிலும் செல்ல வேண்டும். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள், சந்தோஷம். எங்கள் குட்டிக்குத் தபால்தலை வேண்டாம், ஊசி போதும்.

மறுபடியும் எங்களுக்கே: குட்டியின் செலவைக் கிடைக்கூலியில் முதலில் எடுத்து வைக்க வேண்டும், ஆட்டுத்தலைக் கணக்குப்படி. நூறு ஆடு வைத்திருப்பவரும் முப்பது ஆடு வைத்திருப்பவரும் சரிசமமாகப் போடுவது நியாயமில்லை. ஊசி அட்டை யாருடைய டிரங்குப் பெட்டியிலும் கிடக்கக் கூடாது; உப்பும் தீப்பெட்டியும் இருக்கும் சமையல் பையில் பாலித்தீன் சுற்றி இருக்கட்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் ஊர் திரும்பும்போது பொறுப்பாளி மாறினால், புதியவர் ஒரு வாரம் பழையவர் கூடவே நின்று கூழ் ஊற்ற வேண்டும்.

புதுக்குட்டி இந்த வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று ராத்திரி ஐந்து வீட்டாரும் கிடையடியில் உட்கார்ந்து பெயர் வைக்க வேண்டும். ‘டைகர்’ என்பதற்கு இப்போதே இரண்டு பையன்கள் கை தூக்கிவிட்டார்கள்.