கூரி வீட்டுப் பிள்ளைகள்



வேதத்தில் லீபனோன் என்று நாம் வாசிக்கிற தேசத்தைப் பற்றிய செய்திகளில் 'கூரி' என்னும் பெயரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். 1943-ல் சுதந்திர லெபனானின் முதல் ஜனாதிபதியானவர் பெஷாரா அல் கூரி. 2024-ல் மரித்த நாவலாசிரியர் எலியாஸ் கூரி. இது குலப்பெயர் அல்ல. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் தங்கள் கிராமத்துக் குருவானவரை அழைக்கும் பட்டமே கூரி.

இதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'கோரா' என்றால் நாட்டுப்புறம். 'எபிஸ்கோப்பொஸ்' என்றால் கண்காணி. ஆதிச் சபையில் கிராமங்களை விசாரிக்க நாட்டுப்புறக் கண்காணிகள் இருந்தார்கள். அவர்கள் தாங்களாகவே மூப்பரையும் உதவிக்காரரையும் ஏற்படுத்தக் கூடாது என்று 314-ல் அங்கீராவில் கூடிய சங்கம் தடுத்தது. அதிகாரம் காலப்போக்கில் பட்டணத்துக் கண்காணிகளிடம் சேர்ந்தது. (எக்காலத்திலும் அப்படித்தான் போலும்!) பெயர் மாத்திரம் தேய்ந்து, கிராமத்துக் குருவுக்கு நிலைத்தது. மலையாளச் சுரியானி சபைகளில் வழங்கும் 'கோர் எப்பிஸ்கோப்பா' என்னும் பட்டமும் இதே சொல்தான்.

குருவின் பட்டம் குடும்பப் பெயரானது எப்படி? மரோனைட் சபையிலும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையிலும் விவாகமானவர் குருவாகலாம். குருவானபின் விவாகம் செய்யலாகாது. மனைவி மரித்தால் மறுமணமும் இல்லை. ஆகையால் ஊர் நடுவே கூரிக்கு ஒரு வீடும் குடும்பமும் இருந்தன. நாம் 'பாஸ்டரம்மா' என்பதுபோல, அவர் மனைவியை ஊரார் 'கூரிய்யே' என்றார்கள். பிள்ளைகள் கூரியின் பிள்ளைகள். பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே பெயராயிற்று. பிரசங்கபீடம் ஏறாதவனும், விசுவாசத்தை விட்டவனும்கூட அப்பெயரைச் சுமந்தான். அவனை யாரும் கேட்டுப் பெயர் வைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் லெபனான் மலைநாட்டார் திரளாய்ப் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். அங்கே பலருடைய பேரப்பிள்ளைகள் அரபு மொழியை மறந்தார்கள். பெயரின் எழுத்துகளும் மாறின. பெயர் மாத்திரம் நின்றது, பொருள் அறியாமலே. பிரியமானவர்களே, இந்நகரத்துப் பள்ளிப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது நீங்களும் தகப்பன் பெயரையோ பாட்டன் பெயரையோ எழுதுகிறீர்கள். அந்தப் பாட்டனார் எந்த ஊர்ச் சபையில் முழங்கால்படியிட்டார் என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

சிரியாவில் 1944-லும் 1954-லும் பிரதம மந்திரியான ஃபாரிஸ் அல் கூரி, ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து புராட்டஸ்டண்டு சபைக்கு வந்த குடும்பத்தார். அச்சபையில் போதகரைக் 'கஸ்ஸீஸ்' என்பார்களே அன்றி, கூரி என்பதில்லை. ஆயினும் முன்னோர் விட்டுவந்த சபையின் பட்டத்தை அவர் தம் பெயரிலிருந்து நீக்கவில்லை. 1962-ல் மரிக்குமட்டும் கூரியாகவே இருந்தார்.