சிறுநீரகப் புற்றுநோய்: மருந்தின் விலையும் தாமதத்தின் விலையும்

சிறுநீரகப் புற்றுநோய்க்கான சிகிச்சை கடந்த இருபது ஆண்டுகளில் பெருமளவு மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருந்து நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. ஆயினும் அந்நாட்டில் வாழும் நோயாளி ஒருவர் குணமடைவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்படுகிறது என்பதுதான்.

இந்த நோய் தொடக்கத்தில் வலி எதையும் தருவதில்லை. சிறுநீரில் இரத்தம், விலாப்புற வலி, வயிற்றில் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து தென்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இன்று பலருக்கு இது வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேனில் தற்செயலாகவே தெரியவருகிறது. புகைப்பழக்கம், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை நோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன.

சிறுநீரகத்துக்குள் அடங்கிய கட்டியை அறுவை சிகிச்சை மூலம் அகற்றினால் பலரும் குணமடைகிறார்கள். கட்டி சிறியதாக இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு, சிறுநீரகத்தின் எஞ்சிய பகுதியைக் காப்பாற்றவே மருத்துவர்கள் இப்போது முயல்கின்றனர். முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியை அறுவை சிகிச்சையின்றித் தொடர்ந்து கண்காணிப்பதும் உண்டு.

நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிய பிறகு நிலைமை வேறு. வழக்கமான கீமோதெரபி இந்தப் புற்றுநோயில் அநேகமாகப் பலனளிப்பதில்லை. 2005 வரை இன்டர்ஃபெரான் போன்ற ஒரு சில மருந்துகளே கையில் இருந்தன. புதிய இரத்த நாளங்களை உருவாக்கிக் கொண்டு வளரும் கட்டியின் தன்மையைக் குறிவைக்கும் சோராஃபெனிப் 2005 டிசம்பரிலும், சுனிடினிப் 2006 ஜனவரியிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

பாசலைத் தலைமையிடமாகக் கொண்ட நோவார்ட்டிஸின் எவரோலிமஸ் 2009இல் அங்கு இந்நோய்க்கான அனுமதியைப் பெற்றது. ஆனால் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தை எவரோலிமஸுடன் ஒப்பிட்டு 821 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. நிவோலுமாப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 25 மாதங்களாகவும், எவரோலிமஸ் பெற்றவர்களுடையது 19.6 மாதங்களாகவும் இருந்தன. இன்று, பரவிய நோய்க்கு இத்தகைய எதிர்ப்பாற்றல் மருந்துகளை உள்ளடக்கிய கூட்டுச் சிகிச்சையே பெரும்பாலும் முதலில் தரப்படுகிறது.

இம்மருந்துகளின் விலையைச் சமாளிப்பதில் நாடுகள் வெவ்வேறு வழிகளை நாடியுள்ளன. இந்தியாவில் சோராஃபெனிபுக்கு ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மாதம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் விலை வைத்திருந்தது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அதிகாரி கட்டாய உரிமம் வழங்கி, நாட்கோ நிறுவனம் அதே மருந்தை மாதம் 8,800 ரூபாய்க்கு விற்க வழிசெய்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் அந்த முடிவை உறுதிசெய்தது.

சுவிட்சர்லாந்தில் இந்தச் சுமையைத் தாங்குவது 1996இல் நடைமுறைக்கு வந்த கட்டாய மருத்துவக் காப்பீடு. மருந்து அனுமதி பெற்றால் மட்டும் போதாது. அதன் பலனையும் விலையையும் ஆராய்ந்து, மத்திய பொதுச் சுகாதார அலுவலகம் அதைத் தனது பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு, மருத்துவரின் விண்ணப்பத்தின் பேரில் காப்பீட்டு நிறுவனம் தனித்தனியாக முடிவெடுக்கும்.

இங்குதான் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு முரண்பாடு இருக்கிறது. காப்பீடு உதவத் தொடங்குமுன் நோயாளியே செலுத்த வேண்டிய 'பிரான்ஷீஸ்' தொகை, பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 300 முதல் 2,500 பிராங்க் வரை. மாதச் சந்தாவைக் குறைப்பதற்காகப் பலர் உயர்ந்த தொகையைத் தெரிவு செய்கின்றனர். அப்படிச் செய்தவர், வருமானம் குறைந்தவராக இருந்தால், முதற்கட்டப் பரிசோதனைச் செலவுக்கு அஞ்சி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக்கூடும்.

கணக்குப் பார்த்தால் அந்தத் தள்ளிப்போடல் இலாபகரமானதல்ல. பிரான்ஷீஸுக்கு மேற்பட்ட செலவில் நோயாளியின் பங்கு பொதுவாகப் பத்து சதவீதம். அதற்கும் ஆண்டுக்கு 700 பிராங்க் என்ற உச்சவரம்பு உண்டு. ஆக, 2,500 பிராங்க் தெரிவு செய்தவர்கூட, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு ஆண்டொன்றுக்குச் செலுத்த வேண்டியது அதிகபட்சம் 3,200 பிராங்கும் மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கான சிறு கட்டணமும்தான்.

மார்பக, பெருங்குடல் புற்றுநோய்களுக்குப் பல கன்டோன்களில் இருப்பதுபோன்ற முன்பரிசோதனைத் திட்டம் சிறுநீரகப் புற்றுநோய்க்கு இல்லை. ஆகவே, முதல் அடியை நோயாளியே எடுத்துவைக்க வேண்டியுள்ளது. சிறுநீரில் ஒரே ஒரு முறை, வலியின்றி இரத்தம் தென்பட்டாலும் குடும்ப மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்குக் கல்லடைப்போ கிருமித்தொற்றோ காரணமாக இருக்கலாம். ஆனால் அதை உறுதிசெய்வது பரிசோதனையின் வேலை.

பெற்றோருக்காகப் பிள்ளைகள் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழியில் பேசும் வீடுகளில், இதுபோன்ற அறிகுறியைச் சொல்லக் கூச்சமும் தடையாகிறது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்பது அந்தத் தடையை நீக்க உதவும். விலை உயர்ந்த மருந்துகள் பரவிய நோயாளிகளின் ஆயுளை நீட்டித்திருக்கின்றன. எனினும், உரிய காலத்தில் எடுக்கப்படும் ஒரு ஸ்கேன், பலருக்கு அந்த மருந்துகளின் தேவையையே இல்லாமல் செய்துவிடக்கூடும்.